போன் திரையைத் திருப்புவது யார்?

திரை திரும்பவில்லை என்றால் 'சென்சார் போய்விட்டது' என்பார்கள். வேண்டாத நேரத்தில் திரும்பினால் 'போனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது' என்பார்கள். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: திரையை மேலிருந்து விரலால் இழுத்து, வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தானைத் தட்டுவது. சரியானால் சந்தோஷம், ஆகாவிட்டால் மறுபடியும் தட்டுவது. அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல வருடமாக ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கூட 'திரையைத் திருப்புகிறது' என்பார். அது திரையைத் திருப்புவதே இல்லை. திருப்பலாமா கூடாதா என்று அனுமதி கொடுக்கிறது, அவ்வளவுதான்.

திரை திரும்ப மூன்று தரப்பு ஒத்துப்போக வேண்டும். போன் சாய்ந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் சென்சார் சொல்ல வேண்டும். செட்டிங்ஸில் நீங்கள் அதைத் தடுத்து வைத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் திறந்திருக்கும் செயலி திரும்பச் சம்மதிக்க வேண்டும். இதில் யாராவது ஒருவர் மறுத்தாலும் திரை இருந்தபடியே இருக்கும். வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுதான். மறுத்தவர் யார் என்பது மட்டும் தெரியாது. சென்சார்மேல் வீண்பழி விழுவது இதனால்தான்.

தொடங்குவதற்கு முன் இரண்டு பெயர்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் திரை உயரமாகவும் குறுகலாகவும் இருக்கிறது அல்லவா, செட்டிங்ஸில் அதை 'போர்ட்ரெய்ட்' என்று எழுதியிருப்பார்கள். பக்கவாட்டில் சாய்த்து சினிமா பார்க்கும் வாக்கில் பிடித்தால் 'லேண்ட்ஸ்கேப்'. இவற்றை நெடுக்கு நிலை, குறுக்கு நிலை என்று இனிமேல் சொல்கிறேன்.

உள்ளே ஒரு தூக்குக்குண்டு

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூலில் கட்டிய ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். குண்டு எப்போதும் பூமியை நோக்கித் தொங்கும். நூலோடு சுவர் ஒட்டி வந்தால் சுவர் நேர். நூலைவிட்டு விலகினால் கோணல். குண்டுக்குச் சுவரைப் பற்றி எதுவும் தெரியாது. கீழே எது என்பது மட்டும் தெரியும். சுவர் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைக் கொத்தனார் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறார்.

உங்கள் போனிலும் இப்படி ஒரு குண்டு இருக்கிறது. முடுக்கமானி என்று பெயர். ஆக்சிலரோமீட்டர் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இருக்கும் சில்லு இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரம், ஒரு அரிசியை நறுக்கி வைத்த அளவு. சில்லுக்குள் சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய ஓர் எடை, அதே சிலிக்கானில் செதுக்கிய ஸ்பிரிங்குகளில் மாட்டியிருக்கிறது. எடையின் ஓரங்களில் சீப்பின் பற்கள் போலத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு எதிரில், இடையிடையே, நகராத தகடுகள். போனைச் சாய்த்தால் புவியீர்ப்பு எடையை ஒரு பக்கம் இழுக்கும். தகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி இம்மியளவு மாறும். இடைவெளி மாறினால் அவை சேமித்து வைக்கும் மின்னேற்றத்தின் அளவும் மாறும். அந்த மாற்றத்தைச் சில்லு எண்ணாக்கிச் சொல்கிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பற்களை வைத்து நடக்கும் இந்த வேலை, காருக்குள் ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று முடிவு செய்வதற்காக 1990களில் பெருமளவில் தயாரிப்புக்கு வந்தது. போனுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான்.

சென்சார் மூன்று திசைகளில் அளக்கிறது: போனின் நீளவாக்கில், அகலவாக்கில், திரையைத் துளைத்துக்கொண்டு போகும் வாக்கில். போனை நிமிர்த்திப் பிடித்தால் நீளவாக்கில் 9.8 என்று காட்டும். மற்ற இரண்டும் ஏறக்குறைய பூஜ்யம். பள்ளியில் படித்த அதே 9.8 தான், புவியீர்ப்பு முடுக்கம். போனைப் பக்கவாட்டில் முழுதாகச் சாய்த்தால் 9.8 அகலவாக்குக்கு இடம் மாறிவிடும். பாதி சாய்த்து 45 பாகையில் பிடித்தால் நீளம், அகலம் இரண்டிலும் 6.9 வரும். இடப்பக்கம் சாய்த்தீர்களா, வலப்பக்கமா என்பதை எண்ணுக்கு முன்னால் வரும் கூட்டல், கழித்தல் குறி சொல்லிவிடும்.

இந்த எண்களைப் பார்த்துத்தான் போனை இயக்கும் மென்பொருள், ஆண்ட்ராய்டோ ஐபோனின் ஐஓஎஸ்ஸோ, 'ஆள் போனைக் குறுக்கே பிடித்திருக்கிறார்' என்று ஊகிக்கிறது. ஊகம்தான், உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பின்னால் இந்த விஷயம் முக்கியமாகப் போகிறது.

மேசைமேல் வைத்துச் சுற்றினால்

சந்தேகம் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். ஆட்டோ ரொட்டேட், அதாவது திரை தானாகத் திரும்பும் வசதி, இயங்கும் நிலையில், பிரவுசரில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, திரை கூரையைப் பார்க்கும்படி போனை மேசைமேல் மல்லாக்க வையுங்கள். மேசையை விட்டு எடுக்காமல் கால் வட்டம், அரை வட்டம், முழு வட்டம் என்று திருப்புங்கள். பக்கம் அசையாது. நீங்கள் கண்ணெதிரே போனைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். 'திரைச் சுழற்சி' என்று பெயர் வைத்திருக்கும் வசதி வாய் திறக்கவில்லை.

காரணம் எளிது. மல்லாக்கக் கிடக்கும் போனில் 9.8 முழுவதும் திரையைத் துளைக்கும் வாக்கில் இருக்கிறது. நீளத்திலும் அகலத்திலும் ஒன்றுமில்லை. எப்படிச் சுற்றினாலும் குண்டு அதே பக்கம்தான் இழுக்கப்படுகிறது. சுற்றியதே அதற்குத் தெரியாது. தகவல் இல்லாதபோது போன் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதையே வைத்துக்கொள்ளும். இனி போனின் நீளமான ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். முப்பது பாகை அளவுக்கு எழுந்ததும், ஒரு நொடி யோசித்துவிட்டு, பக்கம் திரும்பும்.

அந்த யோசனையும் வேண்டுமென்றே வைத்ததுதான். சரியாக 45 பாகையில் திரை மாறும்படி செய்திருந்தால், கை லேசாக நடுங்கினாலும் நெடுக்கும் குறுக்குமாக மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கும். எனவே நடுவில் ஓர் இடைவெளி விடுகிறார்கள். யாரும் படித்துப் பார்க்கக்கூடிய ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலில் அந்த இடைவெளி 45 பாகை; நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அதாவது நிமிர்த்திப் பிடித்த போனை நெடுக்கு நிலையிலிருந்து பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே போனால், 67 பாகையைத் தாண்டிய பிறகுதான் திரை குறுக்குக்கு மாறும். திரும்பி வரும்போதும் அதே அளவுக்குத் திருப்பிச் சாய்க்க வேண்டும். மேசையில் கிடந்த போனைக் கையில் எடுத்தவுடன் அரை நொடி வரை எந்த முடிவும் எடுப்பதில்லை. எடுக்கும் வேகத்தில் போன் எப்படியெல்லாமோ சாயும் அல்லவா.

குலுங்கும் பஸ்ஸில் என்ன ஆகும்? குண்டு ஆடும். பஸ் பிரேக் பிடிக்கும் வேகமும் புவியீர்ப்பும் ஒன்றாகக் கலந்து சென்சாரில் விழும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதனால் முடியாது. ஆகவே மொத்த அளவு 9.8-ஐவிட ரொம்பக் கூடினாலோ குறைந்தாலோ, 'இது சாய்வு இல்லை, குலுக்கல்' என்று போன் பொறுத்திருக்கும். கையிலிருந்து நழுவி விழும் போனில் இன்னும் வேடிக்கை: தரையைத் தொடும் வரை மூன்று திசையிலும் பூஜ்யம்தான் காட்டும். சர்வதேச விண்வெளி நிலையம் ஓயாமல் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் அங்கும் இதே கதை. ஆட்டோ ரொட்டேட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: போன் அளப்பது சுற்றலை அல்ல, சாய்வை. கீழே எது என்பது தெளிவாக இருக்கும்போது மட்டும், அதுவும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, திரையை மாற்றலாம் என்று முடிவு செய்கிறது.

படுத்துக்கொண்டு பார்ப்பவர்களின் பிரச்சினை

ராத்திரி ஒருக்களித்துப் படுத்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துச் செய்தி படிக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்குப் போன் நிமிர்ந்துதான் இருக்கிறது. ஆனால் எழுத்தெல்லாம் சட்டென்று குறுக்கே படுத்துவிடுகிறது. எரிச்சலில் போனைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது.

போன்மேல் தவறில்லை. கொத்தனார் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தாலும் குண்டு பூமியைத்தான் காட்டும்; அவர் தலை சாய்ந்திருப்பதால் அது சாய்ந்து தொங்கப் போவதில்லை. நீங்கள் படுக்கும்போது தலையும் போனும் சேர்ந்தே சாய்கின்றன. பூமி சாயவில்லை. சென்சார் பூமியைக் கேட்டு முடிவு செய்கிறது, உங்களைக் கேட்பதில்லை. ஆட்டோ ரொட்டேட் பற்றிய குழப்பங்களில் முக்கால்வாசி, 'போன் என்னைப் பார்த்துத் திரும்புகிறது' என்ற எண்ணத்திலிருந்து பிறப்பவை.

உண்மையாகவே ஆளைப் பார்த்துத் திரும்பும் வசதியும் இருக்கிறது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல் கூகுள் தன் பிக்சல் போன்களுக்கு முகம் பார்த்துச் சுழலும் வசதியைச் சேர்த்தது. ஆட்டோ ரொட்டேட் அமைப்புக்குள் 'ஃபேஸ் டிடெக்‌ஷன்' என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால், சென்சார் சாய்வு சொன்னவுடன் முன்பக்க கேமரா ஒரு கணம் திறந்து, முகம் எந்த வாக்கில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். முகமும் கூடவே சாய்ந்திருந்தால் திரை மாறாது. அந்தப் படம் போனுக்குள்ளேயே ஆராயப்படுகிறது. சேமிப்பதோ வெளியே அனுப்புவதோ இல்லை என்பது கூகுளின் உறுதி. நல்ல யோசனைதான், ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் கேமராவுக்கு முகமே தெரியாது. ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்திவிட்டுப் படிப்பதுதான் எந்த போனிலும் தட்டாமல் பலிக்கும் வழி.

கைரோஸ்கோப்புக்கு இதில் என்ன வேலை?

'கைரோ இல்லாத போன், அதனால்தான் சரியாகத் திரும்பவில்லை' என்று கடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கலாம். கைரோஸ்கோப் என்பது போன் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்கும் சென்சார். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் போனை அசைத்துக் குறிபார்க்கவும், எடுக்கும் வீடியோவில் தெரியும் நடுக்கத்தைக் குறைக்கவும் அது பயன்படுகிறது. சுழலும் வேகம் அதற்குத் தெரியும்; கீழே எது என்று தெரியாது. மேலும், அது தரும் வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கோணம் கண்டுபிடித்தால், சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டே போய்ச் சிறிது நேரத்தில் கணக்கு தவறிவிடும்.

திரை திரும்புவதற்கு கைரோஸ்கோப் அவசியமில்லை என்பதற்கு வரலாறே சாட்சி. 2007-இல் வந்த முதல் ஐபோன், சாய்த்தால் திரும்பும் திரையோடுதான் வந்தது. கைரோஸ்கோப் ஐபோனில் இடம் பிடித்தது 2010-இல், ஐபோன் 4-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் முடுக்கமானியை மட்டும் வைத்துத் திரை திரும்பிக்கொண்டிருந்தது. இன்றும் கைரோஸ்கோப் இல்லாத குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்களில் திரை ஒழுங்காகத் திரும்புகிறது. திசைகாட்டிக்கு உதவும் காந்தமானிக்கும் இதில் பங்கில்லை. கவரில் இருக்கும் காந்தத்தால் மேப் தடுமாறலாம். திரைச் சுழற்சி தடுமாறாது.

அந்தப் பொத்தான்

இரண்டாவது தரப்பு நீங்கள். ஆண்ட்ராய்டில் மேலிருந்து திரையை இழுத்தால் வரும் பொத்தான்களில் 'ஆட்டோ ரொட்டேட்' இருக்கும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குள்ளும் இருக்கும். ஐபோனில், முகம் பார்த்துத் திறக்கும் மாடல் என்றால் வலது மேல் மூலையிலிருந்து கீழே இழுக்க வேண்டும். கீழே வட்டப் பொத்தான் உள்ள பழைய மாடல் என்றால் அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும். பூட்டைச் சுற்றி வளைந்த அம்பு போட்ட சின்னம் அங்கே இருக்கும்.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வீட்டில் ஒருவரிடம் ஆண்ட்ராய்டும் இன்னொருவரிடம் ஐபோனும் இருந்தால் சண்டையே வரும். ஆண்ட்ராய்டு பொத்தானின் பெயர் 'தானாகத் திரும்பு'. அது ஒளிர்ந்தால் திரை திரும்பும். ஐபோன் பொத்தானின் பெயர் 'நெடுக்கு நிலைப் பூட்டு'. அது ஒளிர்ந்தால் திரை திரும்பாது. ஒன்று அனுமதி, மற்றது தடை. ஆண்ட்ராய்டில் பழகிய கை ஐபோனுக்கு மாறியதும் 'ஆன் பண்ணித்தானே வைத்திருக்கிறேன், ஏன் திரும்பவில்லை' என்று கேட்பது இதனால்தான்.

சாம்சங் போன்களில் இன்னொரு சிக்கல். ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்தியதும் பொத்தானின் பெயரே 'போர்ட்ரெய்ட்' என்று மாறிவிடும். குறுக்கே பிடித்தபடி நிறுத்தினால் 'லேண்ட்ஸ்கேப்'. புதிதாகப் பார்ப்பவர் 'நெடுக்கு வேண்டுமென்றால் இதைத் தட்ட வேண்டும்போல' என்று நினைத்துத் தட்டுவார். ஆட்டோ ரொட்டேட் திரும்ப உயிர் பெற்றுவிடும். அங்கே எழுதியிருப்பது கட்டளை இல்லை, இப்போது போன் எந்த நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது என்ற தகவல்.

ஐபோனின் பூட்டு நெடுக்கு நிலைக்கு மட்டும்தான். குறுக்காகப் பூட்டி வைக்க முடியாது. ஐபேடில் எந்த நிலையிலும் பூட்டலாம். ஐபேடின் பூட்டுக்கு ஒரு சின்ன வரலாறும் உண்டு. 2010-இல் வந்த முதல் ஐபேடின் ஓரத்தில் இருந்த சுவிட்ச் சுழற்சிப் பூட்டாகவே பிறந்தது. அதே ஆண்டின் கடைசியில் வந்த மென்பொருள் புதுப்பிப்பில், ஆப்பிள் அதை ஒலியை நிறுத்தும் சுவிட்சாக மாற்றியது. பயனாளர்கள் கொதித்தார்கள். 2011-இல், எதற்கு வேண்டுமோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று செட்டிங்ஸில் விருப்பத் தேர்வு கொடுத்து ஆப்பிள் சமாதானம் செய்தது. படுத்துக்கொண்டு படிப்பவர்களின் கூட்டம் சாதாரணமானதில்லை.

எப்போதும் பூட்டியே வைத்திருக்க விரும்பினால், ஆண்ட்ராய்டில் 2018 முதல், அதாவது பதிப்பு 9 முதல், நல்ல நடுவழி ஒன்று இருக்கிறது. பூட்டிய நிலையில் போனைச் சாய்த்தால் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சுழற்சிச் சின்னம் சில நொடிகள் தோன்றும். அதைத் தட்டினால் திரை ஒருமுறை திரும்பும், தட்டாவிட்டால் மறைந்துவிடும். தானாகத் திரும்புவதும் இல்லை, பொத்தானைத் தேடி அலைவதும் இல்லை. என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு இதுவே போதும். பலர் அந்தச் சின்னத்தை ஏதோ விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஐபோன்காரர்களுக்கு அந்தச் சின்னம் கிடையாது. அதற்குப் பதில் 'ஷார்ட்கட்ஸ்' செயலியில் ஒரு தானியங்கி ஏற்பாடு செய்துகொள்ளலாம்: குறிப்பிட்ட வீடியோ செயலியைத் திறந்தால் பூட்டை எடு, மூடினால் பூட்டு என்று. ஒருமுறை உட்கார்ந்து அமைத்துவிட்டால் பிறகு தொந்தரவில்லை.

ஆட்டோ ரொட்டேட் பேட்டரியைத் தின்கிறது என்ற பேச்சும் உண்டு. முடுக்கமானி இழுப்பது ஒரு மில்லிஆம்பியரில் சிறு துண்டு. பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமானால் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கடைசி வார்த்தை செயலியுடையது

சென்சார் சரி, பொத்தானும் சரி, ஆனாலும் வங்கிச் செயலியைத் திறந்து போனை எப்படிச் சாய்த்தாலும் அது அசையாமல் நிற்கிறது. மூன்றாவது தரப்பு மறுத்துவிட்டது. ஒவ்வொரு செயலியையும் எழுதும்போதே, 'என் திரை நெடுக்கில் மட்டும்', 'குறுக்கில் மட்டும்', 'எப்படியும் திரும்பலாம்' என்று எழுதுபவர் அறிவித்துவிடலாம். இன்ஸ்டாகிராம் போனில் நெடுக்கிலேயே நிற்பது அப்படித்தான். கார் ஓட்டும் விளையாட்டைத் திறந்தவுடன், நீங்கள் போனைச் சாய்ப்பதற்கு முன்பே, திரை குறுக்கே போய்விடுவதும் அப்படித்தான். அங்கே சென்சாரையும் கேட்கவில்லை, உங்கள் பூட்டையும் மதிக்கவில்லை. பூட்டியிருந்தும் யூடியூபில் முழுத்திரைப் பொத்தானைத் தட்டினால் வீடியோ குறுக்காக விரிகிறதே, அதுவும் செயலி தன் உரிமையைப் பயன்படுத்துவதுதான். வீடியோ பார்க்க மட்டும் ஆட்டோ ரொட்டேட்டைப் போட்டு எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பொத்தானைப் பழகினால் போதும்.

முகப்புத் திரையும் ஒரு செயலிதான். இன்றைய ஐபோன்களின் முகப்புத் திரை குறுக்கே திரும்பாது. எந்தப் பொத்தானைத் தட்டியும் பயனில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அது நெடுக்கிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். முகப்பின் வெற்றிடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் அமைப்புகளில் சுழற்சிக்கான அனுமதி தனியாக இருக்கும். 'சென்சார் போய்விட்டது' என்று முடிவுகட்டுபவர்களில் பலர், திரும்பாத முகப்பை வைத்துக்கொண்டுதான் சோதித்திருப்பார்கள். போனைத் தலைகீழாகப் பிடித்துச் சோதிப்பதும் வீண். முழுத் தலைகீழ் நிலையைப் பல போன்கள் ஏற்பதே இல்லை.

செயலிகளின் இந்த உரிமை இப்போது கொஞ்சம் குறுகுகிறது. 2025-இல் வந்த ஆண்ட்ராய்டு 16, டேப்லெட், மடித்து விரிக்கும் போன் போன்ற பெரிய திரைகளில், அந்தப் பதிப்புக்கென்று எழுதப்பட்ட செயலிகள் 'நெடுக்கில் மட்டும்' என்று சொல்வதைப் பொருட்படுத்துவதில்லை. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. சாதாரண போனில் பழைய நிலைதான்.

செயலி திரும்பும்போது உள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கண்ணாடியோ திரையோ எங்கும் சுற்றவில்லை. அகலமும் உயரமும் இடம் மாறிவிட்டதால் பக்கம் முழுவதும் புதிதாக வரையப்படுகிறது. ஆண்ட்ராய்டில் இயல்பாகவே, ஓடிக்கொண்டிருந்த அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, புதிய அளவில் முதலிலிருந்து கட்டுவார்கள். அழிப்பதற்கு முன் நீங்கள் நிரப்பியதையெல்லாம் பத்திரப்படுத்துவது செயலியை எழுதியவரின் பொறுப்பு. அவர் மறந்திருந்தால் என்ன ஆகும்? தேர்வு விண்ணப்பத்தில் பெயர், தகப்பனார் பெயர், நிரந்தர முகவரி, பின்கோடு எல்லாம் தட்டி முடித்து, மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பதிவு எண்ணைப் பார்க்க ஒரு கையால் காகிதத்தை எடுப்பீர்கள். மற்றக் கையிலிருக்கும் போன் சாயும். திரை ஒருமுறை புரண்டு எழும். கட்டங்கள் அத்தனையும் காலி. பூமிக்கும் குண்டுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் உங்கள் முகவரி போய்விட்டது. நீளமான படிவம் நிரப்புவதற்கு முன் திரையைப் பூட்டிவிடுவது நல்ல பழக்கம்.

ஆக, சென்சார் சாய்வைச் சொல்கிறது, பொத்தான் அனுமதிக்கிறது அல்லது தடுக்கிறது, செயலி அதை ஏற்கவோ மீறவோ செய்கிறது. ஒரு செயலியில் மட்டும் திரும்பவில்லை என்றால் கேட்க வேண்டியது அந்தச் செயலியை.

படங்கள் ஏன் சாய்ந்து வருகின்றன?

கேமராவும் இதே குண்டை நம்பியிருக்கிறது. திரையைப் பூட்டியிருந்தாலும் கேமரா தனியாகச் சாய்வைப் பார்த்துக்கொள்ளும். போனைச் சாய்க்கும்போது ஃபிளாஷ் சின்னம் முதலானவை மட்டும் நின்ற இடத்தில் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். படம் எடுத்ததும், 'இதைக் காட்டும்போது இத்தனை பாகை திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பு படக் கோப்போடு சேர்த்து எழுதப்படும். கேலரி அந்தக் குறிப்பைப் படித்து நேராகக் காட்டுகிறது. விண்ணப்பம் வாங்கும் சில இணையதளங்கள் அதைப் படிப்பதில்லை. அதனால்தான் போனில் நேராகத் தெரிந்த படம் அங்கே ஏற்றியதும் படுத்துவிடுகிறது. கேலரியில் எடிட் திறந்து, ஓரத்தில் கொஞ்சம் வெட்டிச் சேமித்தால், பெரும்பாலும் படமே நேராக எழுதப்பட்டுவிடும். குறிப்பை நம்ப வேண்டியதில்லை.

ஆதார் அட்டையையோ ரேஷன் அட்டையையோ மேசையில் வைத்து, நேர் மேலிருந்து படமெடுத்தால் சாய்ந்து வருவதற்குக் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். கீழ்நோக்கிப் பிடித்த போனில் 9.8 முழுவதும் திரையைத் துளைக்கும் வாக்கில். நெடுக்கா குறுக்கா என்று கேமராவுக்குத் தெரியாது. முதலில் போனை நிமிர்த்திப் பிடித்து, சின்னங்கள் நேராகத் திரும்பிவிட்டதைப் பார்த்துக்கொண்டு, அதே வாக்கில் மெல்லக் குனித்து அட்டைக்கு மேலே கொண்டுபோங்கள். கடைசியாக அறிந்த நிலையையே அது வைத்துக்கொள்ளும். வீடியோவில் இன்னும் கறார்: பதிவு தொடங்கிய கணத்தில் எந்த வாக்கோ அதுதான் கடைசி வரை. நடுவில் திருப்பினால் படத்தில் இருப்பவர்கள்தான் படுத்துக்கொள்வார்கள்.

உண்மையாகவே சென்சார் போயிருந்தால்

போகாமல் இருக்க அது தெய்வமில்லை. பலமாகக் கீழே விழுந்த போனில் பழுதாகலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாக வர வேண்டும்.

முதலில் பொத்தானைப் பாருங்கள். ஐபோன் என்றால் ஒளிரக் கூடாது, ஆண்ட்ராய்டு என்றால் ஒளிர வேண்டும். அடுத்து, திரும்பக்கூடிய ஒரு செயலியில் சோதியுங்கள். பிரவுசர் நல்ல சோதனைக்களம். முகப்பில் சோதிக்க வேண்டாம். போனைப் படுக்கையில் கிடத்திச் சோதிக்காமல் நிமிர்த்திப் பிடித்து, தாராளமாகச் சாய்த்து, ஒரு நொடி பொறுங்கள். அதிலும் இல்லையென்றால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அண்மையில் நிறுவிய ஏதாவது ஒரு செயலி எல்லாத் திரைகளையும் ஒரே நிலையில் பிடித்து வைத்திருக்கவும் கூடும். அதை நீக்கிப் பாருங்கள்.

இனி சென்சாரை நேராகவே விசாரிக்கலாம். ஐபோனின் 'மெஷர்' செயலியில் 'லெவல்' என்ற பகுதி சாய்வைப் பாகைக் கணக்கில் காட்டும். ஆண்ட்ராய்டுக்கும் இதே வேலையைச் செய்யும் இலவச ரசமட்டச் செயலிகள் உண்டு. சாம்சங்கில் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்தால் பரிசோதனைப் பட்டியல் வரும். அதில் சென்சார் பகுதியில் மூன்று திசை எண்களும் ஓடிக்கொண்டிருக்கும். போனைச் சாய்க்கும்போது எண்கள் மாறினால் சென்சார் வேலை செய்கிறது.

இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லையென்றால், நடைக் கணக்குச் செயலியைத் திறந்து இன்று எத்தனை அடி நடந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். போனே எண்ணும் அடிகளை, கைக்கடிகாரம் எண்ணுவதை அல்ல. அடிகளை எண்ணுவதும் இதே முடுக்கமானிதான். போனைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வந்ததும் எண்ணிக்கை ஏறியிருந்தால், சென்சார் மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் அதைக் காட்டிவிட்டு போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எண்ணிக்கை நாள் முழுக்க அசையாமல் நின்று, லெவலிலும் பாகை மாறாமல் உறைந்திருந்தால் மட்டும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.